ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரமும் மிதிவண்டிப் பயணமும்

சென்னைக்குத் தென்மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி இன்று நாட்டின் முதன்மையான வாகன உற்பத்தி வட்டாரங்களுள் ஒன்றாகும். மகிழுந்து, சரக்குந்து, மோட்டார் சைக்கிள், உருளிப்பட்டை, கண்ணாடி, மின்னணுக் கருவிகள் எனப் பலவும் இங்கு உருவாகின்றன. இதே நிலப்பகுதி பல்லவர், சோழர் காலக் கோயில்களும் கல்வெட்டுகளும், நூற்றுக்கணக்கான ஏரிகளும், பெயர் மாறாத பழைய ஊர்களும் நிறைந்த தொண்டை மண்டலத்தின் நடுப்பகுதியும் ஆகும். இவ்வூர்களை இணைக்கும் சிறு சாலைகள் வழியே மிதிவண்டியில் சென்று வரலாற்று இடங்களைக் காண்பது பற்றியும், அச்சாலைகள் இன்று அடைந்துவரும் மாற்றங்கள் பற்றியும் இக்கட்டுரை கூறுகிறது.

நில அமைப்பும் ஊர்களின் இடைவெளியும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்று அழைப்பது வழக்கம். பாலாற்றுக்கு வடக்கே இந்நிலம் பெரும்பாலும் சமவெளி. குன்றத்தூர் போன்ற சில இடங்களில் மட்டுமே குன்றுகள் உள்ளன. மேற்கிலிருந்து கிழக்காக மெல்லச் சரியும் இந்நிலத்தில் மழைநீரைத் தேக்க, சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை எழுப்பி ஏரிகளை அமைத்தனர். ஒரு ஏரி நிரம்பினால் அதன் மிகைநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும். ஏரிக்குக் கீழே வயல், வயலை ஒட்டி ஊர், ஊரில் கோயிலும் குளமும் என்பது பொதுவான அமைப்பு. இதனால் ஊர்கள் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவில் நெருங்கி அமைந்தன.

இந்த இடைவெளி நடந்து செல்வோரையும் மாட்டு வண்டியையும் கருதி உண்டானது. மணிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் வரை செல்லும் மிதிவண்டிக்கும் இது பொருத்தமாக உள்ளது. பத்து நிமிடத்திற்கு ஒரு ஊர் வரும். தாகம் எடுத்தால் தேநீர்க் கடையும், சக்கரத்தில் காற்று இறங்கினால் பஞ்சர் ஒட்டும் கடையும் தொலைவில் இருப்பதில்லை. ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதால் பழக்கம் இல்லாதவர்களும் ஒரு நாளில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் செல்ல முடிகிறது.

இம்மண்டலத்தில் வழிப்பயணத்தைப் பாடும் மரபும் பழமையானது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணர்களை வழிப்படுத்தும் நூல். உப்பு வணிகரின் வண்டிகளையும், மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளையும், வழியில் உள்ள ஊர்களில் கிடைக்கும் உணவையும் அது விரிவாகச் சொல்கிறது. வழியையும் வழியில் வாழும் மக்களையும் சேர்த்து அறிவதே பயணம் என்னும் கருத்து அந்நூலில் தெளிவாக உள்ளது.

மிதிவண்டியின் வருகை

இன்றைய மிதிவண்டியின் வடிவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய 'ரோவர்' வண்டியிலிருந்து தொடங்குகிறது. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இயக்கும் சங்கிலியும் கொண்டதால் அது பாதுகாப்பான வண்டி எனப்பட்டது. 1888இல் டன்லப் காற்றடைத்த உருளிப்பட்டையைக் கொண்டுவந்த பின் நெடுந்தொலைவுப் பயணம் எளிதாயிற்று. இதற்கு முன்பே, 1878இல், மிதிவண்டிச் சுற்றுலாவுக்கென ஒரு சங்கம் இங்கிலாந்தில் தோன்றியிருந்தது. இந்தியாவில் 1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து பார்சி இளைஞர்கள் அறுவர் உலகைச் சுற்றப் புறப்பட்டனர். அவர்களுள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா ஆகிய மூவர் பயணத்தை முடித்து 1928 மார்ச்சில் ஊர் திரும்பினர்.

தமிழகத்தில் மிதிவண்டி முதலில் ஆங்கில அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் வைத்திருந்த இறக்குமதிப் பொருளாக இருந்தது. 1949இல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆலை அம்பத்தூரில் அமைந்தது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் என்னும் பெயர்கள் ஊர்தோறும் பழகின. தபால்காரர், ஆசிரியர், பால்காரர், நெசவாளர் என உழைப்பவர்களின் வண்டியாக மிதிவண்டி மாறியது. உள்ளாட்சி அமைப்புகள் அதற்கு வரி விதித்து வில்லை வழங்கின. இரவில் விளக்கின்றிச் சென்றாலும் இருவர் அமர்ந்து சென்றாலும் அபராதம் உண்டு. சொந்த வண்டி இல்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்தனர். இருக்கை எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் மிதித்துக் கற்றுக்கொண்டனர்.

பெண்களின் வாழ்விலும் மிதிவண்டி மாற்றம் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர். பின்னர் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, நாளடைவில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவ மாணவியருக்கு அத்திட்டத்தை விரிவாக்கியது. பேருந்து வராத சிற்றூர்ப் பிள்ளைகள் மேல்நிலைக் கல்வியை விடாமல் தொடர இது உதவியது.

கிழக்குப் பாதை: குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை

இவ்வட்டாரத்தில் வரலாறு செறிந்த வழிகளுள் ஒன்று குன்றத்தூர், சோமங்கலம், மணிமங்கலம், படப்பை, ஒரகடம் என்று செல்வதாகும். குன்றத்தூர் பெரியபுராணம் இயற்றிய சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோயிலும், கீழே நாகேசுவரர் கோயிலும் உள்ளன. குன்றின் மேலிருந்து பார்த்தால் வடமேற்கில் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்பு தெரியும்.

அங்கிருந்து தென்மேற்கே உள்ள சோமங்கலத்தில் சோமநாதீசுவரர் கோயில் அமைந்துள்ளது. அதன் கருவறை விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட வகையைச் சேர்ந்தது. தொண்டை மண்டலத்தில் இவ்வகைக் கோயில்கள் பலவற்றைக் காணலாம். இவ்வூர்க் கல்வெட்டு ஒன்று மாணவர்கள் அறிய வேண்டியது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் பெருமழையால் சோமங்கலத்துப் பெரிய ஏரியின் கரை பல இடங்களில் உடைந்தது. ஒருவர் தம் செலவில் அதை அடைத்தார். ஏரியை ஆண்டுதோறும் பராமரிப்பதற்கும் பொருள் வைத்தார் என்பது அதன் செய்தி. கோயிலுக்கு விளக்கெரிக்க நிவந்தம் விடுவதைப் போலவே ஏரிக்கரைக்கு மண் போடுவதும் அறமாகக் கருதப்பட்டது என்பதற்கு இது சான்று.

சோமங்கலத்திற்குத் தெற்கே மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் தோற்கடித்த போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு இவ்வூரைக் குறிப்பிடுகிறது. இவ்வெற்றிகளுக்குப் பின்பே பல்லவப் படை வாதாபி வரை சென்றது. நான்கு நூற்றாண்டுகள் கழித்து இவ்வூர் இராசகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் இராசாதிராசன், இரண்டாம் இராசேந்திரன், வீரராசேந்திரன் ஆகியோரின் நீண்ட மெய்க்கீர்த்திகள் பொறிக்கப்பட்டன. சோழருக்கும் மேலைச் சாளுக்கியருக்கும் நடந்த போர்களை அறிய அவை அடிப்படைச் சான்றுகள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் அறிஞர் ஹுல்ஷ் அவற்றை வெளியிட்டார். பாடநூலில் நான்கு வரியில் முடிந்துவிடும் போர்களின் மூலச் செய்தி ஓர் ஊர்க்கோயிலின் சுவரில் இருப்பதை நேரில் காணும் மாணவருக்கு வரலாறு வேறாகத் தோன்றும்.

மணிமங்கலத்திலிருந்து படப்பைக்கு வந்தால் வண்டலூர் – வாலாஜாபாத் சாலை. இதில் மேற்கே சென்றால் ஒரகடம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் இச்சாலையும் ஒரகடத்தில் சந்திக்கின்றன. சிங்கப்பெருமாள் கோவில் என்னும் ஊரின் பெயர் அங்குள்ள நரசிம்மர் குடைவரைக் கோயிலால் வந்தது. புறநகர் ரயிலில் அங்கு வந்து இறங்கிப் பயணத்தைத் தொடங்குவோரும் உண்டு.

வல்லக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும்

ஒரகடத்திற்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையில் வல்லக்கோட்டை முருகன் கோயில் உள்ளது. அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற தலம் இது. ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள மூலவர் திருமேனி இதன் சிறப்பு. கிருத்திகை நாட்களில் சுற்றுவட்டார மக்களோடு தொழிற்சாலை ஊழியர்களும் இங்குக் கூடுகின்றனர்.

ஸ்ரீபெரும்புதூர் வைணவ ஆசாரியர் இராமானுசர் பிறந்த ஊர். மரபுப்படி அவர் பிறந்த ஆண்டு 1017. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவரது திருவுருவம் 'தானுகந்த திருமேனி' எனப்படும். சித்திரைத் திருவாதிரையை ஒட்டி நடக்கும் திருவிழாவில் ஊர் நிறைந்திருக்கும். 1991 மே 21 அன்று முன்னாள் தலைமை அமைச்சர் ராஜீவ் காந்தி கொலையுண்டதும் இவ்வூரில்தான். அவ்விடத்தில் நினைவகம் அமைந்துள்ளது.

இவ்வூரின் பெயர் நிலவியலிலும் இடம்பெற்றுள்ளது. இப்பகுதியில் கிடைக்கும் தாவரப் புதைபடிவங்கள் கொண்ட பாறை அடுக்குக்கு 'ஸ்ரீபெரும்புதூர் படிவம்' என்று பெயர். டைனோசர்கள் வாழ்ந்த காலத்துப் பெரணிகள், சைக்கஸ் வகைத் தாவரங்கள் ஆகியவற்றின் இலைத்தடங்கள் அதில் உள்ளன. இப்பாறைகளை ஆராய்ந்தவர்களுள் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒருவர். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே.

மேற்குப் பாதை: தென்னேரி, வாலாஜாபாத், காஞ்சி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை நெடுஞ்சாலையை ஒட்டிச் சென்று, அங்கிருந்து தெற்கே வாலாஜாபாத் சாலையில் திரும்பினால் தென்னேரி வரும். இவ்வட்டாரத்தின் பெரிய ஏரிகளுள் இது ஒன்று. இதன் பழம்பெயர் திரையனேரி. தொண்டைமான் இளந்திரையனோடு தொடர்புடைய பெயராக இது கருதப்படுகிறது. மழைக்காலம் முடிந்த மார்கழி, தை மாதங்களில் ஏரி நிறைந்து, நீர்ப்பறவைகள் இறங்கி, கீழே நெல் விளைந்திருக்கும்.

வாலாஜாபாத் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயரால் அமைந்தது. ஆங்கிலேயர் காலத்தில் படைத்தளமாகவும் இருந்தது. அங்கிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கே சென்றால் காஞ்சிபுரம்.

காஞ்சிக்கு வடக்கே உள்ள புள்ளலூரில் இரு பெரும் போர்கள் நடந்தன. முதலாம் மகேந்திரவர்மன் இங்குப் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று இதே பகுதியில் கர்னல் பெய்லி தலைமையிலான ஆங்கிலப் படையை ஐதர் அலியும் திப்புவும் முறியடித்தனர். மைசூர்ப் படையின் ஏவுகணைகள் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளை எரித்தன. காஞ்சியில் பெரும்படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பாடநூல்களில் 'பொள்ளிலூர்ப் போர்' எனப்படுவது இதுவே. போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயல்வெளியில் நிற்கின்றன.

இவ்வூர்களின் பழைய நிலையை அறிய மற்றொரு சான்றும் உண்டு. 1763இல் செங்கல்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களில் நிலம், ஏரி, குளம், தோப்பு, வீடுகள், தொழில்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்கணக்கின் அருமையைப் பிற்காலத்தில் வெளிக்கொணர்ந்தவர் அறிஞர் தரம்பால்.

தொழில் வழித்தடத்தின் வளர்ச்சி

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா அலைபேசி ஆலை ஸ்ரீபெரும்புதூரில் திறக்கப்பட்டு 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லர் சரக்குந்து ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் தொடங்கின. இவற்றுள் கடைசியாகச் சொன்ன நிறுவனத்தின் கதை இக்கட்டுரைக்கு நெருக்கமானது. 1890களில் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் அது மிதிவண்டி செய்யும் நிறுவனமாகவே தொடங்கியது. 1901இல் மோட்டார் பொருத்திய வண்டியைச் செய்தது. 1955இல் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் காலூன்றியது. தாய்நாட்டு ஆலை மூடப்பட்ட பின்னும் அதன் பெயர் ஒரகடத்தில் வாழ்கிறது.

ஆலைகளால் இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு மாதச் சம்பளம் வந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வேலை தேடி வந்தனர். அதே நேரத்தில் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் தொழிற்பூங்காக்கள் ஆயின. ஒரகடத்தில் சந்திக்கும் இரு சாலைகளும் சரக்கு வாகனங்களுக்காக அகலப்படுத்தப்பட்டன. ஊருக்கும் அதன் வயலுக்கும், ஊருக்கும் பள்ளிக்கும் இடையே பல வழிச் சாலை வந்தது.

நீரின் வழியும் மாறியது. மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம் முதலிய ஏரிகளின் மிகைநீர் அடையாற்றில் சேர்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பெய்தபோது இவ்வேரிகளின் நீர் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளை மூழ்கடித்தது. சோமங்கலத்துக் கல்வெட்டு கூறும் உடைப்பையும் இவ்வெள்ளத்தையும் சேர்த்து எண்ணினால், கலங்கலும் கால்வாயும் காக்கப்பட வேண்டியதன் காரணம் விளங்கும்.

சாலையில் மிதிவண்டியின் இடம்

அகலமான சாலை மிதிவண்டிக்கு எளிதானது என்று தோன்றலாம். நடைமுறை வேறு. பெட்டகச் சரக்குந்துகளும் பணிமுறை மாறும் நேரத்தில் விரையும் நிறுவனப் பேருந்துகளும் நிறைந்த சாலையில் மிதிவண்டிக்கெனத் தனித் தடம் இல்லை. சாலையோரம் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தால் நடுச்சாலைக்கு வரவேண்டும். நடுத்தடுப்புத் திறப்பு தொலைவில் இருப்பதால் சிலர் எதிர்த்திசையில் ஓட்டுகின்றனர். இது உயிருக்கு ஆபத்தானது. இந்நெருக்கடியை விடுமுறை நாளில் வரும் சுற்றுலாப் பயணியை விட அன்றாடம் வேலைக்குச் செல்லும் காவலாளியும், ஒப்பந்தத் தொழிலாளியும், அரசு தந்த வண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவியும் அதிகம் அனுபவிக்கின்றனர். சாலையின் ஓரத்தில் ஒரு மிதிவண்டித் தடம் அமைந்தால் முதலில் பயன்பெறுவோர் இவர்களே.

ஊர்ச் சாலைகளும் ஏரிக்கரைப் பாதைகளும் இன்றும் பெருமளவில் உள்ளன. ஆனால் அவை தொடர்ச்சி இழந்து வருகின்றன. சில இடங்களில் ஆலைச் சுற்றுச்சுவர் பழைய வண்டிப்பாதையை மறிக்கிறது. பெங்களூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை அமையும் விரைவுச்சாலை இவ்வட்டாரத்தின் ஊர்களுக்கு நடுவே செல்கிறது. 2022இல் பரந்தூரில் புதிய வானூர்தி நிலையம் அறிவிக்கப்பட்டது. அதற்குரிய நிலத்தில் வயல்களும் நீர்நிலைகளும் குடியிருப்புகளும் அடங்கும். ஏகனாபுரம் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் இதை எதிர்த்து நெடுங்காலம் போராடி வருகின்றனர். இத்திட்டங்களின் தேவை பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் ஊர்ப் பாதை ஒன்று மறிக்கப்படும்போது, ஒரு ஏரியையும் அதன் கோயிலையும் அடுத்த ஊரோடு இணைத்த தொடர்பும் அறுந்து போகிறது. கோயில் தனியே காக்கப்பட்டாலும், அது எந்த ஏரியால் வாழ்ந்தது, எந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை கொண்டிருந்தது என்பதை அறியும் வழி மறைகிறது.

பயணம் செய்வோர் கவனத்திற்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை இங்கு மிதிவண்டிப் பயணத்திற்கு ஏற்ற காலம். கத்திரி வெயில் நாட்களைத் தவிர்க்க வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டுப் பதினோரு மணிக்குள் முதல் கட்டத்தை முடிப்பது நல்லது. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் காலையிலேயே சென்றுவிட வேண்டும். முதல்முறை வருவோருக்குக் குன்றத்தூர் – சோமங்கலம் – மணிமங்கலம் வழி போதுமானது. தென்னேரி, வாலாஜாபாத், காஞ்சி வழிக்கு முழு நாள் வேண்டும். நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களில் இறங்கித் தள்ளிச் செல்வதே பாதுகாப்பு. தலைக்கவசம், முன்பின் விளக்குகள், காற்றடிக்கும் கைக்குழாய், பஞ்சர் ஒட்டும் பொருட்கள், குடிநீர் ஆகியவற்றை உடன் கொள்ள வேண்டும்.

கல்வெட்டுகளின் மேல் சுண்ணமோ பொடியோ தேய்த்துப் படிக்க முயலக் கூடாது. சாய்ந்து விழும் காலை வெயிலில் எழுத்துகள் தாமே தெளிவாகத் தெரியும். ஏரியின் பெயர், மதகு, கலங்கல், பழைய வண்டிப்பாதை ஆகியவற்றை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக் கொள்ளலாம். பர்னார்டின் ஆட்கள் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன் ஊர் ஊராகச் சென்று செய்த வேலை இதுவே. தங்கள் ஊரைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ள ஏரிகளையும் பாதைகளையும் மிதிவண்டியில் சென்று பள்ளி மாணவர்கள் இவ்வாறு பதிவு செய்தால், அடுத்து ஒரு பாதையோ வாய்க்காலோ மறையும்போது அது அங்கே இருந்தது என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கும்.